இரண்டாம் வகுப்புக் கழுத்து

தலைப்பிள்ளைப் பேறு தாய்வீட்டில்தான் என்பது எங்கள் பக்கத்தில் யாரும் கேள்வி கேட்காத விஷயம். பெண்ணை அழைத்து வருவோம், பெற்றுப் பிழைத்து, மருந்து தின்று, உடம்பு தேறிய பிறகுதான் அனுப்பிவைப்போம். என் மகள் பகவதி விஷயத்தில் எல்லாம் தலைகீழாகிவிட்டது. அவள் கொழும்பில் இருந்தாள். பேறும் கொழும்பில்தான் என்றாகிவிட்டது. தாய்தான் கடல் தாண்டிப் போகவேண்டும்.

எல்லாம் இலங்கையில் புதிதாக வந்த சட்டத்தால். என் மருமகன் அங்கே ஒரு துணிக்கடையில் துணி அளந்து கொடுக்கிறவர். நிரந்தரமாகத் தங்க அனுமதி கேட்டு மனுப் போட்டுவிட்டுக் காத்திருந்தார். இந்த நேரத்தில் பகவதி இங்கே வந்தால் திரும்ப உள்ளே விடுவார்களோ மாட்டார்களோ என்று அவருக்குப் பயம். "போனாப் போனதுதான்னு ஆயிரப்பிடாது" என்று ஆள் மூலம் சொல்லியனுப்பியிருந்தார். அதே கடை முதலாளியின் மனைவி மட்டும் நினைத்தபோதெல்லாம் பட்டு எடுக்கக் காஞ்சிபுரத்துக்கு வந்து போகிறாளாம். அவளைக் கண்டால் சட்டமே எழுந்து நின்று வழிவிடும் போலிருக்கிறது.

என் வீட்டுக்காரருக்கு இழுப்பு வியாதி. தக்கலையில் பஸ் ஏறினால் நாகர்கோவிலில் இறங்குவதற்குள் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார். அதனால் என் அண்ணன் நாகருபிள்ளை துணைக்கு வருவதாக முடிவாயிற்று. அண்ணனுக்கு நாஞ்சில் நாட்டில் வயல் ஏராளம். மனசும் பெரிசுதான். மடியை அவிழ்க்கும்போது மட்டும் கொஞ்சம் சுருங்கிப்போகும். ரயிலுக்கும் கப்பலுக்கும் சேர்ந்த டிக்கெட் இரண்டையும் அவர்தான் எடுத்தார். அவருக்கு இரண்டாம் வகுப்பு, எனக்கு மூன்றாம் வகுப்பு.

"இது என்ன கூத்து அண்ணே?" என்று கேட்டேன்.

"பொம்பளையளுக்கு மூணாங் கிளாஸ்லதான் பேச்சுத்தொணை கெடைக்கும்ட்டி செல்லம்மை. உன் நல்லதுக்குத்தான் சொல்லுகேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அங்கேயே நாலு வார்த்தை கேட்டிருப்பேன். ஆனால் அவர் மனைவி, என் மதினி, வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவள் தங்கமானவள். "வெறுங் கழுத்தோட மவ வீட்டுக்குப் போவியா?" என்று தன் காசுமாலையைக் கழற்றி எனக்குப் போட்டுவிட்டாள். கூடவே நிபந்தனைகளும் போட்டாள். குளிக்கும்போது கழற்றக்கூடாது, தூங்கும்போது கழற்றக்கூடாது, ஊர் திரும்பியதும் முதல் வேலையாகக் கழற்றிவிடவேண்டும். அந்த மாலையின் கனத்தில் என் தலை தானாகவே நிமிர்ந்துவிட்டது. கழுத்து வலியில் நிமிர்ந்ததுதான், ஆனால் பார்க்கிறவர்களுக்கு அது கெத்தாகத் தெரிந்திருக்கும்.

அண்ணனும் பயணத்துக்கென்று ஒரு பட்டு ஜிப்பா தைத்திருந்தார். கரிப்புகை பட்டு நாசமாகிவிடும் என்று அதை மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, வழக்கம்போல வேட்டியும் தோளில் துண்டுமாகக் கிளம்பினார். அந்தத் துண்டும் தோளில் நிலையாக இருக்காது. சுசீந்திரம் கோயிலில் சாமி முன்னால் ஆண்கள் மேல்துணி போடக்கூடாதில்லையா? அண்ணன் அதே மரியாதையை அரசாங்கத்துக்கும் கொடுப்பவர். தாசில்தாரைக் கண்டாலும் துண்டு இடுப்புக்கு இறங்கிவிடும், கை வாயைப் பொத்திக்கொள்ளும். பழக்கம் அப்படி.

ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டியதும் பஸ் நின்றுபோயிற்று. அந்தக் காற்றில் எல்லாரும் இறங்கித் தள்ளினோம். அண்ணன் மட்டும் பிரசவ லேகியம் அடைத்த பரணிச் சாடியை மடியில் வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தார். "நான் எறங்குனா லேகியம் குலுங்கிப் போவும்" என்றார். நான் காசுமாலையும் நானுமாகப் பஸ்ஸைத் தள்ளினேன். பக்கத்தில் தள்ளிய ஒருவர், "ஏன் தாயே, இதுல ஒரு காசை எடுத்து வித்தா புது பஸ்ஸே வாங்கலாமே!" என்றார். சிரிப்பில் கை தளர்ந்து பஸ் பின்னால் உருண்டது.

ரயிலில் மூன்றாம் வகுப்பில் ஏறினேன். அண்ணன் சொன்னதில் ஒன்று உண்மை, பேச்சுத்துணை கிடைத்தது. எனக்கு எதிரே நிறை வயிற்றோடு ஒரு பெண் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். பெயர் செவ்வந்தி. இலங்கையில் அட்டன் பக்கத்தில் தேயிலைத் தோட்டத்தில் வேலை. பிறந்து வளர்ந்ததெல்லாம் அங்கேதான். தாய் மட்டும் கடைசிக் காலத்தில் இந்தப் பக்கம் சொந்த ஊருக்கு வந்து செத்துப்போக, கருமாதிக்கு வந்தவள்.

"இந்த வயித்தோடயா கெளம்பி வந்தே?" என்று கேட்டேன்.

"வாறப்ப வயிறு இல்லீங்க. திரும்பிப் போறதுக்குக் கடுதாசி கெடைக்கிறதுக்குள்ள இம்புட்டு ஆயிருச்சு."

நான் முந்திரிக்கொத்தை எடுத்துக் கொடுத்தேன். அவள் அதைக் கடித்துவிட்டு, "உள்ள என்னங்க, பாசிப்பயறா?" என்று கண்ணை மூடிக்கொண்டாள். பிள்ளைத்தாய்ச்சி சாப்பிடுவதைப் பார்க்க எனக்கு எப்போதுமே பிடிக்கும். இன்னும் இரண்டு கொடுத்தேன். ஏத்தங்காய் உப்பேரிப் பொட்டலத்தையும் அவிழ்த்தேன். மருமகன் வீட்டுக்கு என்று கொண்டுவந்ததில் பாதி மதுரைப் பக்கத்திலேயே தீர்ந்துபோயிற்று.

அவளுக்கு ஒரே கவலைதான். கடலைத் தாண்டுவதற்குள் பிள்ளை பிறந்துவிடக்கூடாது. இந்தப் பக்கம் பிறந்தால் பிள்ளைக்கு அந்தப் பக்கம் போகக் கடுதாசி கிடையாது.

"அந்தப் பக்கம் பொறந்தா உண்டா?"

"அப்பவும் இல்லீங்க. ஆனா அங்கன அப்பன் இருப்பான்ல."

கடற்கரை முகாம் ஒன்றைப் பற்றியும் அவள்தான் சொன்னாள். கப்பல் ஏறுவதற்கு முன்னால் டாக்டர் பார்ப்பாராம். மூன்றாம் வகுப்புக்காரர்களை எல்லாம் முகாமுக்குக் கொண்டுபோய், மருந்துத் தண்ணீரில் குளிப்பாட்டி, துணிமணியை ஆவியில் வேகவைத்து, நோய் ஏதும் இல்லை என்று தெரிகிற வரைக்கும் நாள்கணக்கில் வைத்திருப்பார்களாம்.

பகவதிக்கு இன்றோ நாளையோ என்கிற நிலை. "அப்போ ரெண்டாங் கிளாசுக்காரங்க?" என்று கேட்டேன்.

"அவுகளுக்குத்தான் நோய் வராதுங்களே" என்றாள் செவ்வந்தி, மூன்றாவது முந்திரிக்கொத்தைக் கடித்தபடி.

நான் பொட்டலத்தைக் கட்டி வைத்துவிட்டேன். பகவதி சின்ன வயதில் இடி இடித்தாலே என் முந்தானைக்குள் வந்து ஒளிந்துகொள்வாள். அவள் யாருமில்லாத ஊரில் தனியாக வலியில் கிடக்க, நான் இங்கே மருந்துத் தொட்டியில் ஊறிக்கொண்டிருக்கவேண்டுமா? மண்டைக்காட்டு அம்மனுக்கு மண்டையப்பம் நேர்ந்துகொண்டேன். பிள்ளைக்குத் தலை திரும்பட்டும் தாயே, நான் போகிற வரைக்கும் வெளியே மட்டும் வந்துவிடவேண்டாம் என்று வேண்டினேன். அம்மனுக்கே குழப்பமாக இருந்திருக்கும்.

முகாம் இருந்த இடத்தில் ரயில் நின்றது. மணலும் வெயிலும் தவிர அங்கே வேறொன்றும் இல்லை. ஒரு பந்தலுக்குக் கீழே மேஜை போட்டு டாக்டர் உட்கார்ந்திருந்தார். இளவயது, கழுத்தில் டை. நான் முட்டுவலியோடு நொண்டிக்கொண்டு போனேன். காசுமாலை வெயிலில் பளபளத்தது போலும். ஒரு சேவகன் எங்கிருந்தோ ஓடிவந்து எனக்கு நாற்காலி போட்டான். நான் உட்கார்ந்துவிட்டேன். நாற்காலி கிடைத்தால் உட்காரத்தானே வேண்டும்?

அந்த நேரத்தில் அண்ணன் வந்தார். டாக்டரைக் கண்டதும் பழக்கதோஷம், துண்டு இடுப்புக்கு இறங்கிவிட்டது. வெறும் மேலோடு, கக்கத்தில் பரணி, ஒரு கையில் பெட்டி, மறுகையில் இரண்டு டிக்கெட்டும் கடுதாசிகளும். நான் நாற்காலியில், அவர் எனக்குப் பின்னால் நின்றபடி. டாக்டர் எல்லாவற்றையும் வாங்கி, டிக்கெட்டுகளைப் பார்த்தார். என் கழுத்தைப் பார்த்தார். அண்ணனின் தொப்புளைப் பார்த்தார். இரண்டாம் வகுப்பு டிக்கெட்டை என் கையில் கொடுத்துவிட்டு, அண்ணனைப் பார்த்து, "நீ அந்த வரிசைக்குப் போ" என்றார்.

அண்ணன் வாயைத் திறந்தார். உடனே பழக்கத்தில் கை வந்து வாயைப் பொத்திக்கொண்டது. "எசமான்..." என்று விரலிடுக்கில் ஏதோ முனகினார். அவ்வளவுதான் வெளியே வந்தது.

நான் சொல்லியிருக்கலாம். ஐயா, அவர் எனக்கு அண்ணன், வயல் வரப்பெல்லாம் உள்ளவர், மாலை என்னுடையது இல்லை, நான்தான் மூன்றாம் வகுப்பு என்று சொல்லியிருக்கலாம். சொல்வதற்காக வாயைத் திறந்தேன் என்பதும் சத்தியம். ஆனால் பகவதி முகம் கண்ணில் வந்து நின்றுவிட்டது. அதற்குப் பிறகு கேட்டது என் குரல்தான், ஆனால் அது என் குரல் மாதிரியே இல்லை.

"ஏலே நாகரு! பரணியைக் கீழ போட்டிராத!"

பிறந்ததிலிருந்து அண்ணனை நான் பெயர் சொல்லி அழைத்ததில்லை. அவர் கண் இரண்டும் பிதுங்கி நின்றன. சேவகன் அவர் முதுகில் கை வைத்துத் தள்ளினான். "எசமானி சொல்லுதது காதுல விழலியாடே?" என்று அதட்டினான். என் அண்ணன், அறுவடைக் காலத்தில் களத்தில் இறங்கினால் ஊரே எழுந்து நிற்கும் என் அண்ணன், பரணியை மார்போடு அணைத்துக்கொண்டு மணலில் நடந்து போனார்.

மூன்றாம் வகுப்பு வரிசையில் செவ்வந்தி நின்றுகொண்டிருந்தாள். ராத்திரி முழுக்க என்கூட மூன்றாம் வகுப்பில் வந்தவள். அவள் ஒரு வார்த்தை சொன்னால் என் வேஷம் கலைந்துவிடும். அவள் என்னையும் நாற்காலியையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு வயிற்றைப் பிடித்தபடி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "போயிட்டு வாங்கம்மா! மக நல்லபடியா பெத்துக்கட்டும்!" என்றாள்.

டாக்டர் என்னிடம், "காய்ச்சல் ஏதாவது உண்டா அம்மா?" என்று கல்யாண வீட்டில் சாப்பிட்டீர்களா என்று விசாரிப்பதுபோல விசாரித்தார். இல்லை என்றேன். நல்லது என்று என் கடுதாசியில் முத்திரை குத்தி நீட்டினார். நாக்கைக்கூட நீட்டச் சொல்லவில்லை.

கப்பலில் எனக்குச் சாய்வு நாற்காலி, பீங்கான் கோப்பையில் தேயிலைத் தண்ணீர், இரண்டு பிஸ்கோத்து. பிஸ்கோத்தை நனைக்காமல் தின்பவர்கள்தான் இரண்டாம் வகுப்பு என்று பக்கத்து நாற்காலிக்காரரைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். கோட்டுப் போட்ட பெரிய வியாபாரி அவர். நடுக்கடலில் அலை எழும்பி, திற்பரப்பு அருவிக்குக் கீழே நின்றதுபோல எல்லாரையும் நனைத்தது. வியாபாரி கம்பியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார். கீழ்த்தட்டிலும் அதே சத்தம்தான் கேட்டது. கடலுக்கு மட்டும் வகுப்பு தெரியவில்லை.

இறங்கியதும் அந்தப் பக்கத்து அதிகாரி. அவர் பேசியதை யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் தமிழில் சொன்னார். "இங்கை உங்களுக்கு ஆர் சாப்பாடு போடுறது எண்டு துரை கேக்கிறார்."

"எனக்கு யாரும் போடாண்டாம். நான் போயி அவங்களுக்கு ஆக்கிப் போடத்தான் வந்திருக்கேன்" என்றேன். அவர் அதை எப்படிச் சொன்னாரோ, துரை தலையாட்டிக்கொண்டு மாலையைக் காட்டி ஏதோ கேட்டார்.

"அவ்வளவும் தங்கமோ எண்டு கேக்கிறார்."

"பின்னே, பித்தளையா?"

தங்கமா என்றுதான் கேட்டார்கள். யாருடைய தங்கம் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். எனக்குப் பின்னால் முகாமிலிருந்து விடுபட்டு வந்த தோட்டத்துக் கூட்டம் நீளமாக நின்றது. அவர்களிடம் கடுதாசியைக் கேட்டார்கள், பிறகு வேறு கடுதாசியைக் கேட்டார்கள், பிறகு உட்காரச் சொன்னார்கள். உட்கார நாற்காலி மட்டும் இல்லை.

கொழும்பில் மருமகன் வீடு ஒற்றை அறை. பகவதி என்னைக் கண்டதும், "அம்மா, நீ வரமாட்டேன்னுல்லா நெனச்சேன்" என்று கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். மாலை குத்தியதில் நானும் சேர்ந்து அழுதேன். மருமகன் பாணும் சம்பலும் வாங்கிவந்து வைத்தார். பாண் என்றால் ரொட்டிதான். காலையில் ரொட்டி, ராத்திரியும் ரொட்டி. புட்டு கிடைக்கிற ஊரில் மனுஷர்கள் இதை எதற்குத் தின்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. சம்பல் மட்டும் நம் தேங்காய்ச் சம்மந்தித் துவையலுக்குத் தங்கச்சி முறை. காரத்தில் அக்காவையே மிஞ்சிவிடும்.

மறுநாள் மத்தியானம் பகவதிக்கு வலி எடுத்தது. மருத்துவச்சி சிங்களத்துக்காரி. அவள் பேசியது எனக்குப் புரியாது, நான் பேசியது அவளுக்குப் புரியாது, ஆனால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஒரே அதட்டலைப் போட்டோம். பகவதி கைக்கு எட்டியதைப் பிடித்துக்கொண்டாள். எட்டியது காசுமாலை. அவள் இழுத்த இழுப்பில் ஒரு காசு வளைந்தே போயிற்று. பொழுது சாய்வதற்குள் பெண்குழந்தை பிறந்தது. மதினியின் நிபந்தனையில் காசை வளைக்கக்கூடாது என்று எதுவும் இல்லை என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

அண்ணன் வந்து சேரும்போது பிள்ளைக்குப் பேரிட்டாகிவிட்டது. ஆள் வருவதற்கு முன்னால் மருந்து வாசனை வந்தது. கழுத்து வரைக்கும் பொத்தான் போட்ட பட்டு ஜிப்பா, அதற்கு மேல் கடிகாரச் சங்கிலி. அந்தப் புழுக்கத்தில் முகம் வேர்த்து வழிந்தது. "சட்டையைக் கழத்துங்கோ மாமா" என்றாள் பகவதி.

"கழத்த மாட்டேன்" என்றார்.

நான் அடுப்பு மூலையில் நின்றுகொண்டு வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராக இருந்தேன். அவர் பரணியை என் முன்னால் வைத்தார். திறந்து பார்த்தேன். பாதிதான் இருந்தது.

"மீதி எங்கே அண்ணே?"

"அங்கின ஒரு பிள்ளை பெத்துக் கெடந்தா. முந்திரிக்கொத்து குடுத்தியாமே அவளுக்கு?"

செவ்வந்தி முகாமிலேயே பெற்றுவிட்டாளாம். ஆண்பிள்ளை. அண்ணன் கதையை மெதுவாகச் சொன்னார். "மொத நாளே என் வேட்டியை உருவி ஆவியில போட்டுட்டான்வ. புட்டு மாதிரியில்லா வந்துது. நான் ரெண்டாங் கிளாசாக்கும்னு சொன்னேன். சிரிச்சான். ஜிப்பாவைக் காட்டலாம்னா பெட்டியும் ஆவிக்குள்ள கெடக்கு. விடுகதுக்கு முந்தின நாளுதான் பெட்டியே கைக்கு வந்துது. அப்பம் பாத்து அந்தப் பிள்ளைக்குக் கடுதாசி இல்லேன்னு கிளார்க்கு பெத்த தள்ளைய மட்டும் போகச் சொல்லுகான். பச்சைப்பிள்ளைய யாருகிட்ட விட்டுட்டுப் போவா? பாத்தேன். ஜிப்பாவை மாட்டுனேன், சங்கிலியைத் தொங்க விட்டேன், நேரே உள்ள போனேன். அதே கிளார்க்குதான்ட்டி, அத்தனை நாளா என் மூஞ்சியப் பாக்காதவன். படக்குன்னு எந்திச்சு நாற்காலி போட்டான். தாய் கடுதாசியிலேயே பிள்ளை பேரையும் எழுதச் சொன்னேன். எழுதிட்டான். பிள்ளையும் அவளும் என்கூடத்தான் கப்பல்ல வந்தாவ. அவ மாப்பிள்ளை வந்து கூட்டிட்டுப் போயிட்டான்."

எனக்கு அண்ணன் காலில் விழவேண்டும்போல இருந்தது. "அண்ணே, அண்ணைக்கு நான் ஏலேன்னு..." என்று ஆரம்பித்தேன்.

அவர் குரலைத் தாழ்த்தினார். "அதை மட்டும் உன் மதினிகிட்ட சொல்லிப்போடாத."

மனுப் போட்ட குடும்பத்துக்கு வசதி உண்டா என்று பார்க்க ஒரு அதிகாரி வீட்டுக்கு வரப்போகிறார் என்று மருமகன் பயந்துகொண்டே சொன்னார். அண்ணன் அறையைச் சுற்றிப் பார்த்தார். ஒரு பெஞ்சு, ஒரு தொட்டில், ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு. பகவதி கழுத்தில் தாலி மட்டும்.

"செல்லம்மை, அந்த மாலையைக் கழத்தி இவளுக்குப் போடு."

"மதினி என்னைக் கொன்னுபோடுவா அண்ணே!"

"முகாம்ல மாலையைப் பிடிச்சு வச்சிருக்கான், அம்மை குத்திட்டுத்தான் விடுவான்னு சொல்லுகேன். என்னையே பிடிச்சு வச்சானே, மாலையைப் பிடிக்க மாட்டானா?"

நாங்கள் ஊருக்குக் கிளம்புவதற்கு முன்னாலேயே அந்த அதிகாரி வந்தார். பகவதி பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அந்த மாலை போட்டால் நிமிராமல் முடியாது. அதிகாரி பெஞ்சைப் பார்க்கவில்லை, அடுப்பைப் பார்க்கவில்லை. பார்க்கவேண்டியதைப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டு போனார். மருமகனுக்கு அனுமதி வந்துவிட்டது என்று பிற்பாடு செய்தி வந்தது. அவருக்கு முன்னாலேயே மனுப் போட்டிருந்த பக்கத்து வீட்டுக் கடலைக்காரருக்கு வரவில்லையாம். மாலை அந்தத் துணிக்கடை முதலாளியம்மாவின் கழுத்தில் ஏறி, ஒருத்தரும் ஒரு கேள்வியும் கேட்காமல் காஞ்சிபுரம் வந்து, அங்கிருந்து மதினியிடம் போய்ச் சேர்ந்தது. வளைந்த காசுக்கு இன்றுவரை என்னிடம் விளக்கம் கேட்கிறாள்.

திரும்பும்போது அண்ணன் எனக்கும் இரண்டாம் வகுப்பு டிக்கெட் எடுத்துவிட்டார். எடுக்கும்போது முகம் கொஞ்சம் சுருங்கியது, ஆனாலும் எடுத்தார். கப்பல் துறையில் அவர் ஜிப்பாவோடு முன்னால் போக, நான் வெறுங் கழுத்தோடு மூட்டையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். வாசலில் நின்றவன் அண்ணனுக்குச் சலாம் வைத்தான். என்னைப் பார்த்தான். டிக்கெட்டை நீட்டினேன். அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் மூன்றாம் வகுப்பு வரிசையைக் கையால் காட்டினான்.

"ஏலே! அவ கையில இருக்கது ரெண்டாங் கிளாஸ் டிக்கெட்டுடா! கண்ணு அவிஞ்சா போச்சு?" என்று அண்ணன் திரும்பிவந்து கத்தினார்.

"விடுங்க அண்ணே" என்றேன். "மூணாங் கிளாஸ்லதான் பேச்சுத்தொணை கெடைக்கும்."

சொல்லிவிட்டு அந்த வரிசையில் போய் நின்றேன். முன்னால் நின்ற பெண் என் மூட்டையை வாங்கித் தன் மூட்டைக்கு மேல் வைத்துக்கொண்டு, எந்த ஊரு என்று கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் பின்னால் யாரோ வந்து நின்ற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். அண்ணன் ஜிப்பாவைக் கழற்றி மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு, வெறும் மேலோடு நின்றுகொண்டிருந்தார்.

"சவத்து வெயிலு" என்றார்.